மஞ்சள் தடவிய மீன்

எங்கள் பாடசாலையின் ஆய்வுகூடத்துச் சுவரில் ஒரு மீன் தொங்கியது. சித்திர ஆசிரியை ஒருவர் எப்போதோ வரைந்து கொடுத்த வர்ணப்படம். செதில்கள் வரிசை குலையாமல் இருந்தன, வால் விசிறி மாதிரி விரிந்திருந்தது, கண்ணுக்கு மேலே நீள நீளமாக இமைமயிர். மீனுக்கு இமையே கிடையாது என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் சுத்த சைவம். மீனின் முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க நியாயமில்லை. நான் அங்கே படிப்பிக்கப் போன முதல் தவணையில் என் மாணவிகள் பரீட்சைத் தாளில் வரைந்த மீன்கள் எல்லாம் மை தீட்டிக்கொண்டு அரங்கேற்றத்துக்குப் புறப்பட்டு நின்றன. நான் புள்ளியைக் குறைத்தேன். படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று வகுப்பே திரண்டு வந்து வழக்காடியது.

நான் குருநகர். அப்பாவும் தம்பியும் கடற்தொழில். எண்பத்து மூன்று இனக்கலவரத்தின்போது கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், எல்லோரையும் போலக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். உடுத்த சேலையைத் தவிர என்னிடம் மிஞ்சியிருந்தது விலங்கியல் பட்டம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பட்டத்துக்கு நல்ல மரியாதை உண்டு. ஆனால் அது எந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியர் அறையில் முதல் நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி எந்தப் பல்கலைக்கழகம் என்பதல்ல.

"ரீச்சர், உங்கடை பக்கம் இப்ப விளைமீன் என்ன மாதிரி?" என்பதுதான்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எந்த மீன் புதுசு, எதைப் பொரிக்கலாம், எது குழம்புக்கு என்று நான் சொல்ல வேண்டும். பௌதிகவியல் ஆசிரியை ஒருத்தி குறிப்பும் எடுத்துக்கொள்வா. மத்தியானம் நான் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் மட்டும் எல்லோருக்கும் யன்னலோரத்தில் காற்று வாங்க வேண்டிவரும்.

பாடசாலையில் ஆய்வுகூடம் ஒன்றே ஒன்று. இரசாயனவியலும் பௌதிகவியலும் மூத்தவர்கள், நல்ல நாட்களைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தள்ளிவிடப்பட்டது வெள்ளிக்கிழமை பின்னேரம். கூடத்துக்குப் பக்கத்தில் பிள்ளையார் கோயில். முதல் வாரமே அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டா. தங்கமான மனுஷி, குரல் உயராமலே ஆளை நசுக்கத் தெரிந்தவ.

"ரீச்சர், வெள்ளிக்கிழமையிலை பிள்ளையாருக்குப் பக்கத்திலை மீன் வெட்டேலாது."

"அப்ப வேறை நாள் தாங்கோ, அம்மா."

"வேறை நாளிலை கூடம் இல்லையே."

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, அதனால் மீன். அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீனும் இல்லை. இரண்டு பக்கத்துக் கடவுள்மாரும் ஒரே கிழமையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இடையில் அகப்பட்டது விலங்கியல்.

அதிபர் அம்மாவே ஒரு வழியும் சொன்னா. "நீங்கள் வெளியிலை எங்கையாவது வைச்சு வெட்டிக் காட்டுங்கோ. பிள்ளையள் தள்ளி நிண்டு பாக்கட்டும். உங்களுக்கு உது பழகின வேலைதானே?"

அதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வீட்டில் என்னை மீன் வெட்ட விட்டதே இல்லை. படிக்கிற பிள்ளை என்று அம்மா அரிவாளைக் கையில் தரமாட்டா. நான் மீன் அறுக்கப் பழகியது கொழும்பில், வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, கண்ணாடி அணிந்த ஒரு பேராசிரியரிடம். அதிபர் அம்மாவிடம் அதைச் சொன்னேன். "ஓமோம்" என்று சிரித்தா. நம்பவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் சாதாரணக் கோபமல்ல. அந்தப் பாடசாலையில் இருக்கும் வரை மாணவிகளுக்காக ஒரு மீனைக்கூட நான் வெட்டுவதில்லை என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே முடிவு செய்தேன். மீன் வெட்டிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டுமென்றால் சந்தையில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஆசிரியை. மாணவிகள் தங்கள் கையாலேயே வெட்ட வேண்டும், பார்க்க வேண்டும், படம் கீற வேண்டும். செய்முறையில் நான் தேறினாள் என்று சொல்லாத பிள்ளையைப் பாடசாலை உயர்தரப் பரீட்சைக்கு அனுப்பாது என்று ஒரு விதி இருந்தது. அதுவரை அந்த விதியைத் தூசி தட்டிப் பார்த்தவர்கள் இல்லை. நான் தட்டினேன்.

சனிக்கிழமைகளில் அரியாலைக் கடனீரேரிக் கரையில் வகுப்பு என்று அறிவித்தேன். முழங்கால் அளவு தண்ணீர், கரையில் பனை வடலி, ஆட்கள் குறைவு. ஆளுக்கொரு மீன் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னேன். சொன்னதில் ஒரு சொல் குறைந்துவிட்டது. முழு மீன் என்று சொல்லவில்லை. முழுசாக இல்லாத மீனை ஒருவர் விலங்கியலுக்குக் கொண்டுவரக்கூடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். முதல் பெட்டியைத் திறந்தேன். கழுவி, செதில் சுரண்டி, அளவாகத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிய மீன்.

"என்ன பிள்ளை இது?"

"அம்மா தந்துவிட்டவ, ரீச்சர். எனக்குக் கை மணக்கும் எண்டு தானே எல்லாம் வெட்டித் தந்தவ."

இரண்டாவது பெட்டியிலும் மஞ்சள். மூன்றாவதில் தலை இல்லை. தலையை அம்மா சொதிக்கு எடுத்துவிட்டாவாம். இன்னொருத்தி, வெயிலில் பழுதாகிவிடும் என்று, பொரித்தே கொண்டுவந்திருந்தாள். நல்ல மணம். உருப்படியாக ஒரு மீனும் இல்லை. குடலையும் காற்றுப்பையையும் செவுள் பூவையும் எங்கே என்று கேட்டேன். எல்லாம் அந்தந்த வீட்டுப் பூனைகளுக்குப் போய்விட்டன. அன்றைய பாடத்தில் அதிகம் பயனடைந்தவை அவைதான்.

திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சாக்கை விரித்து எல்லா வீட்டுத் துண்டுகளையும் அடுக்கி ஒரு மீன் செய்து பார்த்தோம். மூன்று வால் வந்தது. தலைக்கு வழியில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொரித்த மீனை வகுப்பு முடிந்ததும் பங்கு போட்டுத் தின்றோம்.

அடுத்த வாரம் தொடக்கம் தம்பி வலையில் பட்ட மீனை வாளியில் உயிரோடு கொண்டுவந்து கரையில் வைத்துவிட்டுப் போனான். கடற்படை ஆழக்கடலுக்கு விடாத காலம். கடனீரேரிக் களப்பில் பட்டதுதான் தொழில். வாளியை வைக்கும்போது அவன் சொன்னான், "அக்கா, ஊரெல்லாம் வெட்டின மீன் கேக்குது. நீ ஒருத்திதான் வெட்டாத மீனுக்கு ஆள் பிடிக்கிறாய்."

அந்த வகுப்பில் உரும்பிராயிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், ஊர்க் கோயிலுக்குச் செயலாளர். வீட்டுப் படலைக்குள் மச்சம் வந்ததே இல்லை. மீனையும் இறைச்சியையும் சேர்த்து எங்கள் பக்கம் மச்சம் என்போம். அவள் மஞ்சள் மீன்கூடக் கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வந்தாள். அவள் டொக்டராவது அவள் பிறக்க முன்னரே முடிவாகியிருந்தது. மிச்ச விபரங்களைத்தான் பாடசாலை நிரப்ப வேண்டும். கெட்டிக்காரி. ஆனால் கரையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்பாள்.

அவள் மீன் தொட்டால்தான் தேறுவாள் என்று நான் சொன்னது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் மத்தியானம் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ," என்றேன்.

"இல்லை ரீச்சர், அவசரமாப் போகவேணும்."

அவசரமாகப் போகவேண்டியவர் அந்த வெயிலில் நெடுநேரம் நின்றார். குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார். "நீங்கள் வெட்டிக் குடுங்கோ. அவள் பாத்துப் படம் கீறுவாள். தேறினதெண்டு போட்டுவிடுங்கோ. இதிலை ஆருக்கு நட்டம்?"

"நாளைக்கு மனிசரை வெட்டப் போற பிள்ளை. மீனுக்குக் கூசினால் என்னெண்டு வெட்டுவாள்?"

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "மனிசர் மச்சம் இல்லையே, ரீச்சர்."

வெட்டித் தரமாட்டேன் என்று சொன்னேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன். அதற்கும் அவசரம் என்றார்.

மறுநாள் அதிபர் அம்மா கூப்பிட்டா. தீவுப்பகுதியில் ஒரு பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் தேவைப்படுகிறதாம். "அங்கை நாலு பக்கமும் கடல், ரீச்சர். உங்களுக்கும் வசதி, உங்கடை பாடத்துக்கும் வசதி." நல்லது, யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மனுஷியைச் சொல்லக்கூடாத சொற்களால் எல்லாம் பேசினேன். பயமும் இருந்தது. வேலை போனால் எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வேறு ஒருவருக்கும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அந்தப் பிள்ளை கைகளை முன்னால் கொண்டுவந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. மூக்கை மூடிக் கைலேஞ்சி கட்டியிருந்தாள். வாளியில் இருந்தது ஓரா மீன். முதுகு முள் குத்தினால் கை விண்விண்ணென்று வலிக்கும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வெறுங்கையால் காட்டினேன். கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளி நின்றேன். அவள் கண்ணை மூடினாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் விரல் போகும் என்றேன். திறந்தாள். வெட்டினாள். பிறகு போய் வடலிக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து மிச்சத்தை வெட்டினாள்.

குடல் சுருள் சுருளாக வெளியே வந்தது. அதை வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டு அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்துப் பிளந்தாள். உள்ளே முழுக்கப் பச்சை. கடற்பாசி, கடற்புல், வேறொன்றுமில்லை. ஓரா மேய்கிற மீன். புத்தகத்தில் அது ஒரு வரி, அவள் எப்போதோ பாடமாக்கிய வரி. இப்போது குனிந்து, கையடக்கப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். லேஞ்சி கழுத்துக்கு இறங்கிவிட்டது.

"ரீச்சர், உது முழுச் சைவம்!"

"ஓம்."

"வெள்ளிக்கிழமையும் சைவமோ?"

"ஒவ்வொரு நாளும்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். பச்சைப் பீங்கானைச் சுற்றி ஒரு கூட்டம். கோயிலில் பூசைக்குக்கூட அவர்கள் அப்படி நெருக்கிக்கொண்டு நின்றிருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பார்க்கிற மீனையெல்லாம் திறந்து, என்ன தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊரைப் பிரிக்கிற மாதிரி மீன்களையும் சைவம், மச்சம் என்று பிரித்தாள். மணலை மீனின் வயிற்றில் சேறு கிடந்தது, அதை எதில் சேர்ப்பது என்று ஒரு மணித்தியாலம் என்னோடு தர்க்கம் பண்ணினாள். சேற்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார், பிறகு கதை என்றேன். பார்த்தாள். அதில் நுண்ணிய பாசியும் கிடந்தது, ஏதோ பூச்சியின் காலும் கிடந்தது. "அப்ப உது எங்கடை அப்பாவின்ரை ஆக்கள் மாதிரி, ரீச்சர். வெளியிலை சைவம்," என்றாள். கேட்கக்கூடாதது என்று நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான்.

வீட்டில் அவளைக் கிணற்றடியால்தான் உள்ளே எடுத்தார்கள். தலைமுழுகி, உடுப்பு மாற்றி, பிறகுதான் அடுக்களை. தடிமன் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே அடுத்த சனிக்கிழமையும் வருவாள்.

ஒருநாள் எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. மண்டைதீவுப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது. "வடலிக்குள்ளை ஓடுங்கோ!" என்று கத்தினேன். கத்தரிக்கோல், கொப்பி, செருப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். நான் கடைசி ஆளையும் வடலிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினால், வெட்டை வெளியில் அவள் நடந்து வருகிறாள். ஓடவில்லை, நடக்கிறாள். இரண்டு கையிலும் பீங்கான், அதில் திறந்த மீன்.

அவளைப் பிடித்து இழுத்து மண்ணில் அமத்தினேன். ஹெலி ஒரு வட்டம் அடித்துவிட்டு, எங்களில் சுவாரசியம் ஒன்றும் காணாமல், வேறு பக்கம் போய்விட்டது.

"உனக்கு விசரே? ஏன் ஓடேல்லை?"

"ஓடினால் குடல் குலைஞ்சுபோம், ரீச்சர்."

நான் அவளை அறைந்திருக்க வேண்டும். பதிலாகப் பீங்கானைப் பார்த்தேன். ஒரு சுருள்கூடக் குலையவில்லை. அன்று பின்னேரம் அவளைத் தேறினாள் என்று எழுதிக் கொடுத்தேன். அத்தனை வருடத்தில் அதைவிட மனநிறைவோடு நான் ஒன்றும் எழுதவில்லை. என் தீவு மாற்றமும் ஏனோ அப்படியே படுத்துவிட்டது. தீவுக்கு வள்ளம் ஒழுங்காக ஓடாததுதான் காரணம், என்மேல் அன்பு வந்ததல்ல.

பரீட்சை தள்ளித் தள்ளி நடந்தது, முடிவு அதைவிடத் தள்ளி வந்தது. அவளுக்கு மருத்துவபீடம் கிடைத்தது. நான் சந்தோஷப்பட்டு முடிவதற்குள் ஆசிரியர் அறையில் பௌதிகவியல் ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினா.

"நல்ல காரியம் செய்தனீங்கள், ரீச்சர். அந்தப் பிள்ளைக்கு எல்லா மீனையும் நீங்களே வெட்டிக் குடுத்தனீங்களாமே. தேப்பன் ஊரெல்லாம் சொல்லுறார்."

"நான் வெட்டேல்லை. அவள்தான் வெட்டினவள்."

"அது சரி, அது சரி. உதவிதானே, ஏன் மறைப்பான்?"

மறுக்க மறுக்க என் பெருந்தன்மை கூடிக்கொண்டே போனது. அடக்கமானவள் என்றும் பெயர் வந்தது, அந்தப் பெயர் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அந்தப் பொய்யில் எல்லோருக்கும் வசதி இருந்தது. பிள்ளையின் கை சுத்தம், கோயில் செயலாளரின் பதவி சுத்தம், நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்களுக்கும் சுத்தம். எனக்குத்தான் இரண்டு பட்டம் கிடைத்தது, கள்ளத்தனமாகத் தேறப் பண்ணியவள், மீன் வெட்டிக் கொடுத்தவள். முதலாவதைவிட இரண்டாவதுதான் எனக்குச் சுட்டது. உண்மையைச் சொல்கிறேன்.

உரும்பிராய் வாசிகசாலையில் பாராட்டு விழா வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை மருத்துவபீடம் போனால் ஒலிபெருக்கிக்கு ஓய்வில்லை. என்னையும் அழைத்திருந்தார்கள். போகாமல் விட நினைத்தேன், போகாவிட்டால் கதை உண்மையாகிவிடும் என்று போனேன். இரண்டாவது வரிசையில் இருத்தினார்கள். என் இரண்டு பக்கக் கதிரைகளும் விழா முடியும்வரை காலியாகவே கிடந்தன.

தலைவர் பேசினார், உபதலைவர் பேசினார், தலைவராக விரும்பிய இன்னொருவரும் பேசினார். எல்லோரும் கடைந்தெடுத்த மேடைத் தமிழ். கடைசியில் தகப்பன் எழுந்தார்.

"எமது குடும்ப ஆசாரம் அணுவளவும் வழுவாமல், மீனைக் கரத்தால் தீண்டாமலே, என் மகள் விலங்கியலில் அதிவிசேட சித்தி பெற்றாள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கு உதவிய ஆசிரியையும் சபையில் வீற்றிருக்கிறார். அவருக்கு அது பழகிய கை. அனைத்தையும் தாமே வெட்டிக் கொடுத்தார்."

கைதட்டல். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எல்லா முகத்திலும் நன்றி. எழுந்து போவதற்காகக் கைப்பையை எடுத்தேன். அதற்குள் பதிலுரைக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாலையோடும் பொன்னாடையோடும் வந்து நின்றாள். கையில் யாரோ எழுதிக் கொடுத்த நன்றியுரை. பெரியோர்களே, தாய்மார்களே என்று தொடங்கினாள். அதற்கு மேல் வாசிக்கவில்லை. கடதாசியை மடித்தாள்.

"அப்பா சொன்னது பிழை," என்றாள். "எல்லா மீனையும் நான்தான் வெட்டினனான்."

ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. தகப்பன் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியின் பக்கம் சரிந்தார். "பிள்ளை பகிடி விடுறா."

நான் அழத் தொடங்கிவிட்டேன். அவ்வளவு பேருக்கு நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கால் வடிய வடிய அழுதேன்.

அவள் ஒலிவாங்கியைத் தகப்பனுக்கு விடவில்லை. "பகிடி இல்லை அப்பா. ரீச்சர் ஒரு மீனும் வெட்டேல்லை. ரீச்சர் எனக்குப் படிப்பிச்சவ."